கூட்டிச் செல்லப்படுகிறவர்கள்

பழைய ஊர்களின் கோயில்களை ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து போய்ப் பார்ப்பது சமீப காலத்தில் ஒரு கலாசாரக் காரியமாக அந்தஸ்து பெற்றிருக்கிறது. பாரம்பரிய நடை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காலை ஆறரை மணிக்குத் தேரடியில் கூட வேண்டும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். இரண்டு மணி நேரத்தில் ஏழு இடங்கள். முடிவில் ஒரு பழைய ஹோட்டலில் பொங்கலும் காப்பியும். மயிலாப்பூர், காஞ்சிபுரம், மதுரை என்று இது பரவிக்கொண்டிருக்கிறது. நம்மில் சிலரும் போய்வந்து பரவசமாகப் பேசுகிறார்கள். வியாபாரப் பத்திரிகைகளையும் சினிமாவையும் ஒரு வரியில் தள்ளிவிடத் தெரிந்த நண்பர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தங்கள் கூர்மையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய வாதம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் ஒரு கல்தூணின் முன்னால் நிற்கிறார்கள். இதுவரை யாரும் நிற்கவில்லை. ஆகவே இது நல்லது. வழிகாட்டி இல்லாவிட்டால் இதே இருபது பேர் தூணில் சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் போயிருப்பார்கள். இதை நான் மறுக்கவில்லை. தொல்பொருள் துறையின் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு நம் நிலைமை தெரியும். 1958ஆம் வருஷத்துச் சட்டம், 2010ல் செய்த திருத்தம், சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று பலகை விஸ்தாரமாகப் பேசும். கோயிலைப் பற்றி இரண்டு வரி இருந்தால் அதிர்ஷ்டம். இந்த மௌனத்தில் வாய் திறந்து பேசுகிற ஒரு மனிதர் வரவேற்கத் தக்கவராகவே தோன்றுவார்.

ஆனால் அவர் என்ன பேசுகிறார்? எனக்குப் பிழைப்பு வங்கிக் கவுண்ட்டரில். நகைக் கடன் படிவத்தில் எடை, மாற்று, மதிப்பு மூன்றுக்கும் கட்டங்கள் உண்டு. அந்தத் தோடு யார் காதிலிருந்து எதற்காகக் கழன்றது என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை நாங்கள் கேட்பதில்லை. நாளடைவில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது. கோயில் நடையின் வழிகாட்டியிடமும் ஒரு படிவம் இருக்கிறது. கட்டிய ராஜாவின் பெயர், நூற்றாண்டு, உயரம், கடைசியில் ஒரு அதிசயம். ஒரே கல்லில் செதுக்கியது, நிழல் விழாதது, தட்டினால் ஸ்வரம் பேசுவது. இந்த நாலு கட்டங்களும் நிரம்பியதும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டியதுதான். இருபது பேரும் தூணைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கேட்டார்கள். கேட்ட பிறகு அவர்களுக்குத் தூண் தேவைப்படவில்லை.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1984ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். இந்த வகை நடைகளில் மிகப் பிரசித்தமான ஒன்று நடந்ததும் அங்கேதான். 2019 அக்டோபர் 11ஆம் தேதி மாலை பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கொண்டு சீன அதிபர் ஷி ஜின்பிங்கை அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல், ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் என்று கூட்டிக்கொண்டு போனார். உருண்டைக் கல்லின் முன்னால் இருவரும் கை கோத்து உயர்த்திய படம் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இரண்டு ராஜாங்கங்கள் பேசிக்கொள்ள ஒரு பின்திரை வேண்டியிருந்தது. பல்லவன் அன்று திரையானான். இதில் கவனிக்க வேண்டியது, சிற்பிகளின் ஊரில் அதிகமாகப் படம் பிடிக்கப்படுகிற பொருள் சிற்பமே இல்லாத ஒரு கல் என்பது. அது சரிவில் நிற்கிறது, உருளவில்லை, அவ்வளவுதான். அதிசயம் என்ற கட்டத்தை நிரப்ப உளி வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நிரூபணம் கிடைக்காது.

உளி பட்ட இடங்களிலோ நிஜமான கேள்விகள் இருக்கின்றன. அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கிற அந்தப் பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனனுடைய தபசுதானா? 1914ல் கோலுபெவ் என்ற ஆராய்ச்சியாளர், இது பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்றார். பாறையின் நடுவிலுள்ள பிளவும் அதில் மேலேறி வரும் நாகர்களும் அவருக்குச் சாட்சி. நூறு வருஷத்துக்கு மேலாகியும் வழக்கு முடியவில்லை. இதையெல்லாம் யார் செய்வித்தது என்பதிலும் தகராறு உண்டு. மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் தொடங்கிப் பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள் என்பது பழைய கருத்து. 1962ல் நாகசாமி, இந்த ஊரின் சின்னங்கள் அனைத்துமே ராஜசிம்மன் காலத்தவை என்று வாதித்தார். ரதங்கள் ரதங்களே அல்ல. பஞ்சபாண்டவர் பெயர்கள் பின்னால் ஒட்டியவை. மரத்திலும் கீற்றிலும் அன்று கட்டிய விதவிதமான கூரைகளைக் கல்லில் எழுதிப் பார்த்த மாதிரிகள் அவை. குடிசைக் கூரை ஒன்று, வண்டிக் கூண்டு போன்றது ஒன்று, யானையின் பின்புறம் போல வளைந்தது ஒன்று. அழிகிற பொருளில் இருந்த ஒரு முழுக் கட்டடக் கலைக்கு மிஞ்சிய சாட்சி இது. ஓலைக் கூரையில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த இருபது பேரில் பாதியாவது இருப்பார்கள். இதைச் சொன்னால் தலையை நிமிர்த்தி மறுபடி பார்ப்பார்கள். தர்மராஜா, பீமன் என்று சொன்னால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மகாபாரதம் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

அலுவலகத்துக்காரர்களோடு ஒருமுறை அங்கே போயிருந்தபோது, கூட்டத்தில் வந்த ஒரு சிறுமி பீம ரதத்தின் அடிப்பாகத்தைக் காட்டி, "இதை ஏன் பாதியிலே விட்டுட்டாங்க?" என்று கேட்டாள். அன்றைய நடையில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தலை முடிந்துவிட்டது, கால் இன்னும் பாறைக்குள் இருக்கிறது. வேலை எப்படி நடந்தது என்பது அந்த இடத்தில் திறந்த புத்தகமாக இருக்கிறது. வேலை ஏன் நின்றது என்பதும் ஒரு பெரிய கேள்வி. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சும்மா, அடுத்தது கடற்கரைக் கோயில்" என்றார். அவரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அவர் கூலிக்குப் பேசுகிறார். கொடுத்த நேரத்துக்குள் முடிந்த விஷயங்களை மட்டுமே பேச முடியும். முடியாத விஷயம் வடிவத்துக்குள் அடங்காது. என் சண்டை அந்த வடிவத்தோடு.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். பழைய காலத்திலும் வழிகாட்டிகள் இருந்தார்களே, தலபுராணம் என்பது வேறென்ன, அதில் இல்லாத பொய்யா என்று கேட்பார்கள். நான் பக்திமான் இல்லை. தலபுராணங்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய நிர்ப்பந்தமும் எனக்கில்லை. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. தலபுராணம் கேட்பவனைச் சும்மா விடுவதில்லை. இந்தக் குளத்தில் முழுகு, இந்த மரத்தைச் சுற்று, உன் பாவம் தீரும் என்று அது அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. நம்பினால் அவன் மாற வேண்டும். நம்பாவிட்டால் மறுக்க வேண்டும். கோயிலை வலம் வருகிறவன் யாருடைய பேச்சையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தன் கவலையைச் சுமந்துகொண்டு வருகிறான். பாரம்பரிய நடையில் வருகிறவனிடம் எதுவுமே கேட்கப்படுவதில்லை. பெருமைப்படு என்பது ஒன்றுதான் கோரிக்கை. அது செலவில்லாதது.

பெருமை என்ற இந்தச் சரக்கைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கோயில் தெருக்களில் நடப்பது என்பது நம் நாட்டில் இருபது பேர் தொப்பி போட்டுக்கொண்டு காலையில் செய்கிற சாதாரணக் காரியமாக எப்போதும் இருந்ததில்லை. வைக்கத்தில் 1924 மார்ச் 30ஆம் தேதி தொடங்கிய சத்தியாக்கிரகம் எதற்காக? கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. தெருவில் கால் வைப்பதற்காக மனிதர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஈ.வெ.ரா. தமிழ்நாட்டிலிருந்து போய் இரண்டு முறை சிறைப்பட்டார். 1925ல் காந்தி வந்து பேசினார். அந்த வருஷக் கடைசியில் வந்த சமரசத்தில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. 1936ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை அந்த ஊரில் ஒரு கோயிலை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றுவது பெருவாரியான ஜனங்களுக்குச் சாத்தியமாக இருக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் வைத்தியநாதய்யரோடு நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. அந்தத் தேதிகள் எதுவும் கல்வெட்டில் இல்லை. ஆனால் அந்தக் கோயில்களின் சரித்திரத்தில் ராஜகோபுரத்தின் உயரத்தைவிட அவை பெரிய விஷயங்கள்.

கோயில் நடை இவற்றைச் சொல்லாமல் விடுவது தற்செயலான மறதி அல்ல. சொன்னால் நடை நின்றுவிடும். கூட்டத்தில் ஒருவர் மற்றவரைப் பார்க்க வேண்டி வரும். உன் பாட்டனார் இந்த வாசலில் எந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்வி எழும். பொங்கல் அவ்வளவு ருசியாக இறங்காது. எந்த ராஜா கட்டினான் என்பது யாரையும் தொந்தரவு செய்யாத தகவல். எல்லோருக்கும் அவன் ஆயிரம் வருஷத் தூரத்தில் இருக்கிறான். தூரத்தை வைத்து ஒற்றுமையைத் தயாரிக்கிற தந்திரம் இது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பாலக்கோட்டில் பாரம்பரிய நடை எதையும் நான் பார்த்ததில்லை. இங்கே காலை ஆறரை மணிக்குக் கூடுகிறவர்கள் தக்காளி மண்டியில்தான் கூடுகிறார்கள். மற்றவர்கள் பெங்களூர் ரயிலுக்கு நிற்கிறார்கள். ஆனால் தர்மபுரிக்கு இது வந்தே தீரும். பழைய தகடூர் அது. கோட்டையில் மல்லிகார்ஜுனர் காமாட்சி கோயில் இருக்கிறது. ஐந்தாறு மைல் தள்ளி அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயிலும் அதன் மங்கிய ஓவியங்களும் இருக்கின்றன. காலபைரவர் இருக்கிறார். தேய்பிறை அஷ்டமி அன்று பூசணிக்காயில் விளக்கேற்றுகிற கூட்டம் அவருக்கு இப்போதே உண்டு. ஆக, ஒரு காலை நேரத்துக்கு வேண்டிய சாமான் தயார். வழிகாட்டி என்ன சொல்வார் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். ஒரு ஊரின் இரண்டாயிரம் வருஷ வாழ்வும் ஒரு நெல்லிக்காய்க்குள் அடைக்கப்பட்டுவிடும்.

கொடுத்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதியமான் செத்துப்போனான், ஔவை அவனுக்காக அழுத பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. தகடூர் விழுந்தது. அதை விழுத்திய சேரனுக்குச் சரித்திரத்தில் பெயரே "தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை" என்பதுதான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவன்மேல் அரிசில்கிழார் பாடியது. எங்கள் ஊர் தன் வெற்றியால் அல்ல, இன்னொருவனுடைய பட்டத்தில் ஒரு அடைமொழியாக இலக்கியத்தில் நிலைத்திருக்கிறது. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது. அதுவும் போய்விட்டது. புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்டதால் சில பாடல்கள் தப்பியிருக்கின்றன. யாத்திரை என்றால் இங்கே க்ஷேத்திராடனம் அல்ல, படையெடுப்பு. தகடூருக்கு வந்த முதல் யாத்திரீகர்கள் அதைக் கொளுத்த வந்தவர்கள்.

அதற்குப் பிறகும் யாத்திரைகள் நிற்கவில்லை. கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார், ஹைதர், திப்பு என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கும்பெனியின் கைக்கு மாறியது. கேப்டன் ரீட் இங்கே நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ 1799 வரை ஏழு வருஷம் இருந்தார். குடியானவனிடம் நேராக நிலவரி தண்டுகிற ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில். அதன் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்றைக்குப் பயிர்க் கடனுக்காக என் கவுண்ட்டரில் நீட்டப்படுகிற சிட்டாவும் அடங்கலும். கோயில் தூண்களின் கடைசலைப் பார்த்தால் கன்னட தேசத்துக் கை தெரிகிறது. சந்தையில் மூன்று பாஷை கேட்கிறது. தமிழ்ப் பெருமை என்ற ஒற்றைச் சரட்டில் கோக்க முடியாத ஊர் இது. கோக்க முடியாதது என்பதே அதன் சுவாரசியம். ஆனால் நடைக்கு வருகிறவர்களுக்குச் சரடு வேண்டும், ஆகவே நெல்லிக்கனி.

1981ல் ஜம்பையில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சியை ஸதியபுதோ என்று அது குறிப்பிடுகிறது. அசோகனுடைய சாசனத்தில் சோழ பாண்டிய சேரர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்டவர்கள் யார் என்று பல காலமாக நடந்துகொண்டிருந்த விவாதத்துக்கு அதனால் விடை கிடைத்தது. ஔவை பாடியவன் கற்பனைப் பாத்திரம் அல்ல என்று கல் சாட்சி சொன்னது. உண்மையிலேயே மயிர்க்கூச்செறிய வைக்கிற விஷயம் இது. ஒரு கவியின் வார்த்தையும் ஒரு கல்லின் வார்த்தையும் இருபது நூற்றாண்டு கழித்துச் சந்தித்துக்கொள்கின்றன. இதை விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆகும். வழிகாட்டியிடம் ஒரு இடத்துக்குப் பதினைந்து நிமிஷம்தான் இருக்கிறது.

இந்த ஜில்லாவில் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் என்று பெயரோடு வட்டெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் ஜனங்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் இங்கே யாரோ நமக்காகச் செத்தான் என்பது தெரியும். வழிகாட்டி யாரும் இல்லாமல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்துவருகிற ஞாபகம் இது. ஊருக்கு எது நேர்ந்தது என்பதை ஊரே வைத்துக்கொள்கிற முறை. பாரம்பரியம் என்ற வார்த்தைக்கு அர்த்தம் உண்டென்றால் அது இந்த முறைக்குத்தான் பொருந்தும்.

வேறொரு தேசத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்லலாம். நேபாளத்தில் காட்மாண்டுவுக்குப் பக்கத்தில் குன்றின்மேல் கீர்த்திபூர் என்று நேவார்களுடைய பழைய ஊர் ஒன்று இருக்கிறது. அங்கேயும் இப்போது வழிகாட்டிகள் வெளியூர்க்காரர்களைக் கோயில் கோயிலாக நடத்திக் கூட்டிப் போகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கோர்க்கா அரசன் பிருதிவி நாராயண் ஷா அந்த ஊரை மூன்று முறை தாக்கினான். முதல் தாக்குதலில், 1757ல், அவனுடைய தளபதி காலு பாண்டே மாண்டான். இரண்டாவதில் அரசனின் தம்பி ஒரு கண்ணை இழந்தான். மூன்றாவது முறை, 1760களில், ஊர் விழுந்தது. எதிர்த்து நின்றதற்குத் தண்டனையாக ஊர் ஜனங்களின் மூக்கை அறுக்கச் சொன்னான் ஜெயித்தவன். அந்த ஊரின் காவல் தெய்வம் புலி பைரவர், பாக் பைரவ். அவருடைய கோயிலின் முகப்பில் அந்தப் போர்க்காலத்து வாள்களும் கேடயங்களும் இன்றைக்கும் தொங்குகின்றன. சாமி கும்பிட வருகிறவன் தலைக்குமேல் ஊரின் தோல்வி தொங்குகிறது. நடத்திக் கூட்டிப் போகிறவன் எவ்வளவு அவசரக்காரனாக இருந்தாலும் அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஊர் அவனுக்கு முன்னாலேயே பேசிவிடுகிறது.

அதியமான்கோட்டையிலும் ஒரு பைரவர் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் கோயிலில் நாம் எதை மாட்டி வைத்திருக்கிறோம்? 2012 நவம்பர் 7ஆம் தேதி, தர்மபுரிக்குப் பக்கத்தில் நாயக்கன்கொட்டாயை ஒட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். காரணம் ஒரு கல்யாணம். அதியமான் காலத்து எரியைப் பற்றிக் கேட்டுக் கைதட்ட நாளைக்கு வரப்போகிற நடைக்காரர்களின் வண்டி இந்த எரி நடந்த இடத்துக்குச் சில மைல் தூரத்தில் நிற்கும். அதைக் காட்சிப் பொருளாக்கு என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு கேவலம். ஆனால் ஊரின் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறவன் எந்த நூற்றாண்டில் வாயை மூடிக்கொள்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும் என்கிறேன். மூடுகிற இடம்தான் அவனுடைய கட்சி.

இவ்வளவையும் ஒரு விமர்சனப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறாய் என்றால், விமர்சனத்துக்கும் இதே வியாதி பிடித்திருக்கிறது என்பதால். தமிழில் நடை என்ற வார்த்தைக்குக் காலால் நடப்பதும் அர்த்தம், எழுதுகிற பாணியும் அர்த்தம், கோயில் வாசலும் அர்த்தம். மூன்றிலும் நாம் இப்போது கூட்டிச் செல்லப்படுகிறவர்களாக ஆகிக்கொண்டிருக்கிறோம். தவறவிடக் கூடாத நூறு நாவல்கள், படித்தே ஆக வேண்டிய ஐம்பது கதைகள் என்று கட்டுரைகள் வருகின்றன. ஒவ்வொரு நாவலுக்கும் நாலு கட்டங்கள். எழுதியவர் பெயர், வருஷம், எந்த வட்டாரம், கடைசியில் ஒரு அதிசயம். ‘மானுட தரிசனம்’ என்றோ ‘மொழியின் உச்சம்’ என்றோ. வாசகன் அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு நகர்கிறான். நாவலைத் திறக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. திறந்தாலும் அந்த வாக்கியத்தைத்தான் அதில் தேடுகிறான்.

க.நா.சு.வும் பட்டியல் போட்டாரே என்பார்கள். போட்டார். ஆனால் அவருடைய பட்டியல் ஒரு சண்டை. லட்சக்கணக்கானவர்கள் படித்துக்கொண்டிருந்தவற்றை அது வெளியே தள்ளியது. யாருமே படிக்காதவற்றை உள்ளே கொண்டுவந்தது. படித்தவன் கோபப்பட்டான். சி.சு. செல்லப்பாவுக்கே அந்த முறை போதவில்லை. காரணம் சொல்லு, பிரதியை அலசு என்று 1959லிருந்து ‘எழுத்து’ பத்திரிகையில் மல்லுக்கட்டினார். அந்தத் தகராறில் இருந்துதான் நமக்கு விமர்சனம் என்று ஒன்று கிடைத்தது. இன்றையப் பட்டியல் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. எல்லோரையும் ஒரே காலை நேரத்தில் காட்டிவிடுகிறது. அதில் தோல்வி இல்லை, பாதியில் நின்ற வேலை இல்லை. ஒரு பெரிய எழுத்தாளனுடைய மோசமான புத்தகத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பீம ரதத்தின் அடிப்பாகத்தைக் காட்டிக் கேட்கிறவனுக்கு நேரமாச்சு என்ற பதில்தான் இங்கேயும் கிடைக்கிறது.

இலக்கியத்தில் இதன் விளைவு கோயிலில் ஏற்படுவதைவிட மோசமானது. கல் தன் பாட்டுக்கு நிற்கும். நாளைக்கு ஒருவன் வந்து தன் கண்ணால் பார்க்கலாம். புத்தகம் அப்படியல்ல. படிக்கப்படாத புத்தகம் இல்லாத புத்தகம்தான். தகடூர் யாத்திரை தொலைந்தது யாரும் அதைத் திட்டியதால் அல்ல. இப்படி ஒரு நூல் இருக்கிறது, சிறப்பானது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஏடு எடுத்துப் படித்துத் திரும்பப் பிரதி எழுதியவர்கள்தான் இல்லாமல் போனார்கள். தப்பிய பாடல்கள் தப்பியது, யாரோ சிலர் அவற்றை நிஜமாகவே படித்து, தங்கள் காரியத்துக்காக எடுத்து ஆண்டதால்.

ஆகவே நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. கோயில்களுக்குப் போங்கள், நடந்தே போங்கள். கூட்டத்தோடு போக வேண்டியிருந்தால் அப்படியும் போங்கள். ஆனால் வழிகாட்டி பேசி முடித்து அடுத்த இடத்துக்கு நகரும்போது நீங்கள் நகராதீர்கள். பாதியில் விட்ட இடம் எது, யார் உள்ளே விடப்படவில்லை, இந்த ஊர் எப்போது தோற்றது என்று அங்கேயே நின்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. தெரியாது என்று அவர் சொல்வதே அன்றைய நடையில் நீங்கள் கேட்ட முதல் மெய்யான வாக்கியமாக இருக்கும். திரும்பி வந்து எழுதினால் அந்தக் கேள்வியை எழுதுங்கள். முந்நூறு பிரதிகள் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிற இந்தப் பத்திரிகைகள் நடப்பதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. பெருமையைச் சொல்ல அரசாங்கம் இருக்கிறது, டூரிஸம் இலாகா இருக்கிறது, தினசரிகளின் ஞாயிறு இணைப்பு இருக்கிறது. அவர்கள் அதை நம்மைவிட நல்ல காகிதத்தில், கலரில் சொல்வார்கள்.